இரண்டு நாணயங்களும் ஒரு தேர்வு வாரியமும்

தேர்வு வாரியம் தவறு செய்யாது. இதை நான் சொல்லவில்லை. வாரியக் கட்டடத்தின் வாசலில் பித்தளை எழுத்துகளில் அப்படித்தான் பதித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு எழுத்து என்றோ கழன்று விழுந்துவிட்டது. திரும்ப ஒட்டினால் முன்பு விழுந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் யாரும் ஒட்டவில்லை.

இந்த வாரியத்தோடு மோதவேண்டும் என்று நம் கணக்கு வாத்தியார் கனவிலும் நினைத்தவரில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் சட்டையைத் தவறுதலாக எடுத்துக் காயப்போட்டால்கூட, காய்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிற மனிதர். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தினார். அதுதான் அவர் செய்த குற்றம்.

அதையும் ஒழுங்காக நடத்தித் தொலைத்தார். தன் பையிலிருந்து ஒரு பழைய நாணயமும் வகுப்புத் தலைவனிடமிருந்து ஒரு புது நாணயமும் எடுத்து, இரண்டையும் சுண்டினால் எத்தனை விதமாக விழும் என்று கேட்டார். வகுப்பு ஒரே குரலில் மூன்று என்றது. இரண்டும் தலை, இரண்டும் பூ, கலப்பு. அப்படியானால் மூன்றும் சமமாக விழவேண்டுமே, சுண்டிப் பாருங்கள் என்று விட்டுவிட்டார். அந்தப் பாடவேளை முழுக்க வகுப்பறை சில்லறைக் கடையாக இருந்தது. தலைமையாசிரியர் ஓடிவந்து எட்டிப்பார்த்தார். மற்ற இரண்டையும்விடக் கலப்புதான் இரண்டு மடங்கு விழுந்திருந்தது.

"ஏன்னு பாருங்க" என்றார் வாத்தியார். "பழசு தலை, புதுசு பூ. இது ஒரு விதம். பழசு பூ, புதுசு தலை. இது இன்னொரு விதம். ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டிட்டு ஒண்ணுன்னு சொன்னா கணக்கு கோச்சுக்கும். மொத்தம் நாலு. இந்த நாலும் சேர்ந்ததுதான் கூறுவெளி. என்னவெல்லாம் நடக்கலாமோ அது அத்தனையும் இதுக்குள்ள இருக்கணும். ஒண்ணைக்கூட வெளிய நிறுத்தக்கூடாது."

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. அது அவருடைய அக்கா மகள். வீட்டில் மாமா, பள்ளிக்கூடத்தில் சார் என்று கறாராக இருப்பவள்.

"ரெண்டும் ஒரே மாதிரி காசா இருந்தா, சார்? எது எதுன்னு நமக்குத் தெரியாதே."

"நமக்குத் தெரியலைன்னா காசுக்கும் தெரியாமப் போயிடுமா? இரட்டைப் பிள்ளைங்கள்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல். அடையாளம் தெரியலைன்னு இன்னொருத்தனுக்கு மாத்திரை குடுத்தா சரியாயிடுமா?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே நாலு என்று எழுதிக்கொண்டாள். பொதுத்தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது. அங்கேயும் நாலு என்றும், கலப்புக்கு வாய்ப்பு பாதி என்றும் எழுதினாள். முடிவு வந்தபோது கணக்கில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றிருந்தாள்.

அவள் தோற்றது வெறும் தேர்வில் இல்லை. மின்சாரப் பயிற்சிப் பள்ளியில் சேர்வது என்று ஏழாம் வகுப்பிலேயே முடிவுசெய்து, வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் பார்த்து, அதை ஓடாமல் செய்து, பிறகு ஓடவைத்தவள் அவள். கோடை முடிவதற்குள் தேர்ச்சிச் சான்றிதழைக் காட்டினால் இடம். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போகும், அவள் அத்தையின் துணிக்கடையில் விலைச்சீட்டு ஒட்டப் போவாள். அத்தை ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

அவளுடைய அம்மா பஸ்ஸில் கண்டக்டர். அன்று சாயங்காலம் சீருடையைக்கூட மாற்றாமல் தம்பி முன்னால் வந்து நின்றாள்.

"டேய், நீ சொல்லிக்குடுத்தது தப்பா?"

"இல்லக்கா. சரிதான்."

"அப்போ இவ எழுதினது தப்பா?"

"அதுவும் சரிதான்."

"ரெண்டும் சரின்னா இவ எப்படிடா ஃபெயில் ஆனா?"

வாத்தியார் வாரியம் வெளியிட்ட விடைக்குறிப்பைக் காட்டினார். இரண்டு நாணயங்கள் சுண்டினால் விளைவுகள் மூன்று, கலப்புக்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று, வேறு எப்படி எழுதியிருந்தாலும் சுழியம் என்று அச்சடித்திருந்தது.

"நான் ஒரு ஆளுக்குத் தப்பா டிக்கெட் குடுத்தா, செக்கிங்ல மாட்டுறது நான்" என்றாள் அக்கா. "இவங்க தப்பாக் கிழிச்சுக் குடுத்துட்டு எம்பொண்ணை நடுவழியில இறக்கிவிடுவாங்களா? நாளைக்கே போடா. போய்க் கேளு."

போனார். வாரியத்தில் மறுகூட்டல் பிரிவு என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் பின்னால் இருந்த எழுத்தர் பொறுமையான மனிதர். விடைத்தாளை வரவழைத்து, ஒருமுறைக்கு இருமுறை கூட்டிப் பார்த்தார்.

"கூட்டல் சரியா இருக்கு, சார். அந்தக் கேள்விக்கு சைபர் போட்டிருக்காங்க. சைபரைக் கூட்டினேன். சைபர்தான் வந்தது."

"கூட்டலைச் சொல்லலைங்க. விடை சரின்னு சொல்றேன்."

"விடை சரியா இருக்கலாம், சார். விடைக்குறிப்பு மாதிரி இல்லையே. நாங்க ரெண்டையும் ஒத்துப் பாக்கிறவங்க. உண்மையோட ஒத்துப் பாக்கிறதுக்கு இங்க பிரிவு கிடையாது."

வாத்தியாருக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு நாணயங்களை எடுத்து ஜன்னல் மேடையிலேயே சுண்டிக் காட்ட ஆரம்பித்தார். மூன்றாவது தடவை சுண்டும்போது காவலாளி வந்து கையைப் பிடித்தார். அரசுக் கட்டடத்துக்குள் சூதாட்டம். நாணயங்கள் சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்டு, உறையில் போட்டு, அரக்கு வைக்கப்பட்டன. வாத்தியார் தேர்வுப் பிரிவுத் துணை இயக்குநரின் அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

இந்தத் துணை இயக்குநரை அவருடைய அலுவலகமே சுற்றறிக்கையார் என்றுதான் கூப்பிடும். மின்விசிறியை நிறுத்தவேண்டும் என்றாலும் எழுந்து போய் நிறுத்தமாட்டார், சுற்றறிக்கை விடுவார். அது கட்டடம் முழுக்கச் சுற்றிக் கையெழுத்து வாங்கி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். வாத்தியாரை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, தானே குடித்தார்.

"வாத்தியாரே, நம்ம வாரியத்தோட அஸ்திவாரம் என்ன? சமத்துவம். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே விடை. நீங்க என்ன பண்றீங்க? ஒரு காசைப் பழசுங்கறீங்க, இன்னொண்ணைப் புதுசுங்கறீங்க. ஒண்ணை முதல் காசுங்கறீங்க, இன்னொண்ணை ரெண்டாவதுங்கறீங்க. யாரைக் கேட்டு முதல், ரெண்டுன்னு பிரிச்சீங்க? காசு வந்து உங்ககிட்ட சொல்லுச்சா?"

"பிரிக்கலைங்க. அது ரெண்டு காசு. அவ்வளவுதான்."

"இப்படித்தான் ஆரம்பிக்கும். இன்னைக்குக் காசு, நாளைக்கு மனுஷன். வாரியத்தோட பார்வையில எல்லாக் காசும் ஒண்ணுதான். இதுல தலை, அதுல பூ. அதுல தலை, இதுல பூ. எனக்கு ரெண்டும் ஒண்ணு. அதனால விளைவு மூணு. மூணுக்கும் ஆளுக்கொரு பங்கு. ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறையன்னு குடுக்கிற பழக்கம் எங்ககிட்ட கிடையாது."

"நீங்க குடுக்கிறதில்லைங்க, அது விழுறது."

"அனுமதி இல்லாம விழுந்தா அதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்று சுற்றறிக்கையார் பேச்சை முடித்தார்.

இதற்குள் வேறு பள்ளிகளிலிருந்தும் முணுமுணுப்பு வந்தது. இந்தப் பாடத்தை உருப்படியாக நடத்திய வாத்தியார்கள் அங்கங்கே இருந்திருக்கிறார்கள். நாலு என்று எழுதி, ஒன்று இரண்டு மதிப்பெண்ணில் தவறிய பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். வாரியம் அசையவில்லை. ஆனால் வாரியத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் செய்ய விருப்பமில்லை என்றால் நிபுணர் குழு அமைக்கும். அமைத்தது.

நிபுணர்களில் ஒருவர் கட்டடப் பொறியாளர். கூரை ஒழுகும் வாரியக் கட்டடத்தைக் கட்டியவர். இரண்டாமவர் ஓய்வுபெற்ற விளையாட்டு அதிகாரி. வாழ்நாளெல்லாம் போட்டிகளுக்கு டாஸ் போட்ட அனுபவம் உள்ளவர். மூன்றாமவர் பாட்டு ஆசிரியர். வேறொரு குழுவில் அவரைப் போடுவதாகச் சொல்லிப் போடாமல் விட்டதற்கு ஈடாக இதில் போட்டிருந்தார்கள். கணக்குத் தெரிந்தவர்களைச் சேர்த்தால் முன்முடிவோடு வருவார்கள் என்பதால் சேர்க்கவில்லை. வாத்தியார் புகார்தாரர் என்ற முறையில் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார அனுமதிக்கப்பட்டார்.

சுண்டுவதற்கு அலுவலக உதவியாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். ஒரு நேரத்தில் ஒரு நாணயத்துக்கு மேல் சுண்டுவது வேலைப்பளு என்று அவருடைய சங்கம் சொல்லிவிட்டது. ஆகவே முதலில் ஒன்று, பிறகு ஒன்று. காலையில் வரவேற்புரை, நோக்கவுரை, விளக்கவுரை எல்லாம் முடிந்து, மதிய உணவுக்குப் பிறகு முதல் நாணயம் மேலே போனது. மறுநாளும் சுண்டினார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது, கலப்பு கிட்டத்தட்டப் பாதிக்கு வந்திருந்தது.

விளையாட்டு அதிகாரிதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"காசுக்குப் பயிற்சி பத்தலை. என் காலத்துல எல்லாம் இப்படி விழாது."

மேசை ஒருபக்கமாகச் சரிந்திருக்கலாம் என்றார் பொறியாளர். அவர் கட்டிய தரைதானே என்று யாரோ சொன்னதும் அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்போது சுற்றறிக்கையார் எழுந்தார்.

"இதுல குழப்பமே இல்லை. கலப்புக்கு நாம ஒதுக்கினது மூணுல ஒரு பங்கு. அதுக்கு மேல விழுந்ததெல்லாம் ஒதுக்கீட்டைத் தாண்டி விழுந்தது. அதைத் தள்ளுபடி பண்ணிட்டு மிச்சத்தைப் பாருங்க."

தள்ளுபடி செய்துவிட்டுப் பார்த்தார்கள். மூன்றும் துல்லியமாகச் சமமாக இருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

"விழுந்ததை எப்படிங்க விழலைன்னு சொல்றது?" என்று முக்காலியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அபசுரமா பாடுற குரலை நாங்க கோஷ்டியில சேர்க்கிறதில்லையே" என்றார் பாட்டு ஆசிரியர், மிகுந்த கனிவோடு. "அதுக்காக அவன் பாடலைன்னா சொல்றோம்?"

வாரியத்தின் விடைக்குறிப்பை அறிவியல் சோதனை முழுமையாக உறுதிசெய்தது என்று மறுநாள் செய்தி வந்தது. அதைப் படித்த அக்கா செய்தித்தாளைச் சுருட்டித் தம்பியின் தோளில் ஓர் அடி வைத்தாள். அவள் மகள் பழுதான இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயிற்சிப் பள்ளியில் இடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

அந்த வாரத்தில்தான் வாரியத்தின் இயக்குநர் ஓய்வுபெற்றார். நாற்காலி காலி. தேர்வுப் பிரிவின் சுற்றறிக்கையார், கட்டடப் பிரிவின் துணை இயக்குநர், நல்லெண்ணப் பிரிவின் துணை இயக்குநர் ஆகிய மூவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மூவருக்கும் சம மூப்பு. நல்லெண்ணப் பிரிவு என்ன செய்கிறது என்பது மட்டும் அந்தப் பிரிவுக்கே தெரியாது. சம மூப்பு உள்ளவர்களுக்குள் குலுக்கல் என்பது விதி.

மூன்று பேருக்கு ஒரு நாணயம் போதாது. ஆனால் மூன்று சமமான விளைவுகள் தரும் முறை ஒன்று வாரியத்தின் கையிலேயே, நிபுணர் குழுவின் முத்திரையோடு இருந்தது. அதையே பயன்படுத்துவது என்று தீர்மானம் ஆயிற்று. அரக்கு வைத்த உறையைத் திறக்கும்போது நாணயங்களை அடையாளம் காட்ட வாத்தியாருக்கு ஆள் போனது. அதனால்தான் அடுத்து நடந்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

"எனக்குக் கலப்பு" என்றார் கட்டடப் பிரிவுக்காரர், உட்காருவதற்கு முன்பே.

"அதெப்படி? கலப்புன்னாலே நல்லெண்ணம். தலையும் பூவும் கைகோத்து நிக்குது. இயல்பாவே அது என் பிரிவைச் சேர்ந்தது" என்றார் நல்லெண்ணக்காரர்.

"விளைவுகள் எல்லாமே தேர்வுப் பிரிவோட சொத்து. எதை வெச்சுக்கிறது, எதைக் குடுக்கிறதுன்னு நான்தான் சொல்லணும்" என்றார் சுற்றறிக்கையார். "உங்களுக்கு ரெட்டைத் தலை குடுக்கிறேன். கம்பீரமா இருக்கும்."

"அந்தக் கம்பீரத்தை நீங்களே வெச்சுக்கோங்க! எனக்குக் கலப்புதான் வேணும்!"

"எனக்கு வீட்டுல சொல்லியனுப்பினதே கலப்புதான் வாங்கிட்டு வரணும்னு!"

மூவரும் எழுந்து நின்று மேசையைக் குத்தினார்கள். கட்டடப் பிரிவுக்காரரின் மூக்குக்கண்ணாடி பறந்தது. அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்த வாத்தியார், நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"மூணும் சமம்தானேங்க? எதை எடுத்துக்கிட்டா என்ன?"

மூவரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் என்ன பேரம் நடந்ததோ தெரியாது. சுற்றறிக்கையாருக்குக் கலப்பு கிடைத்தது, மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு கார் கிடைத்தது. நாணயங்கள் சுண்டப்பட்டன. ஒன்று தலை, ஒன்று பூ. சுற்றறிக்கையார் இயக்குநர் ஆனார்.

புது இயக்குநர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வாத்தியாரை உள்ளே கூப்பிட்டார்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்" என்றார் வாத்தியார். இத்தனை நாளும் தெரியாதவர்களுக்குப் புரியவைப்பதாக நினைத்து அலைந்திருக்கிறோமே என்று ஆத்திரமாக வந்தது.

"தெரியாமலா? அந்த விடைக்குறிப்பை எழுதினதே நான்தானே. அச்சுக்குப் போன மறுநாளே தெரியும். என் பையன் சொல்லிட்டான். ஆனா யோசிச்சுப் பாருங்க, வாத்தியாரே. தப்புன்னு ஒத்துக்கிட்டா அத்தனை பேப்பரையும் திரும்பத் திருத்தணும். நாலுன்னு எழுதினவன் கொஞ்சம் பேர். மூணுன்னு எழுதி மார்க் வாங்கினவன் ஊர் பூரா இருக்கான். அவன்கிட்ட இருந்து பிடுங்க முடியுமா? கொஞ்சம் பேர் சரியா எழுதினாங்கங்கறதுக்காக எல்லாரும் கஷ்டப்படணுமா? நிர்வாகம்னா அதுதான்."

"சரியா எழுதின பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?"

"அதுக்குத்தான் கருணை முகாம் வெக்கிறோம். கருணை மதிப்பெண். வாரியம் தப்பு பண்ணலை, ஆனா மனசு இருக்கு. ஒரே ஒரு நிபந்தனை. அந்தந்தப் பள்ளி வாத்தியார், நாலுன்னு நடத்தினது என்னோட பிழைன்னு ஒரு கடிதத்துல கையெழுத்துப் போடணும். போட்டா உங்க அக்கா பொண்ணு முகாமுக்கு வரலாம். போடலைன்னா அடுத்த வருஷம் எழுதட்டும்."

வாத்தியார் கடிதத்தைப் படித்தார். 'இரண்டு நாணயங்களின் விளைவுகள் மூன்றே என்பதை உணர்ந்து வருந்துகிறேன்.' அவர் கண்முன்னால் துணிக்கடையும் விலைச்சீட்டும் வந்தன. கையெழுத்துப் போட்டார். பேனா அவருடையதுதான். அன்றிலிருந்து அதை அவர் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அக்கா பெருமூச்சு விட்டாள்.

"மாமா, இப்பவும் நாலுதானே?" என்று அக்கா மகள் கேட்டாள்.

"நாலுதான்."

"கையெழுத்துல?"

"மூணு."

அவள் தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

கருணை முகாம் வாரியத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள், பெற்றோர்களும் வாத்தியார்களும் பின்னால். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு பகுதியாகப் போடப்பட்டிருந்தன. வலப்பக்கம் நிறைய, இடப்பக்கம் அதில் பாதி. இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"அன்பு மாணவச் செல்வங்களே! வாரியம் எல்லாருக்கும் கருணை காட்ட ஆசைப்படுது. ஆனா எல்லாருக்கும் காட்டினா அதுக்குப் பேர் கருணை இல்லை. அதனால உங்களுக்காக ரெண்டு காசு சுண்டப்படும். ரெட்டைத் தலை விழுந்தா பாஸ். ரெட்டைப் பூ விழுந்தாலும் பாஸ்! கலப்பு விழுந்தா மட்டும் அடுத்த வருஷம். அதாவது மூணுல ரெண்டு பங்கு பேருக்குத் தேர்ச்சி! கணக்குப் பாத்து நாற்காலியே அப்படித்தான் போட்டிருக்கோம். வலப்பக்கம் பாஸ் ஆனவங்க, இடப்பக்கம் மத்தவங்க. கடைசியில எழுத்தர் வந்து, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்க பேரைத் தேர்ச்சிப் பட்டியல்ல எழுதுவார். சுற்றறிக்கை போட்டாச்சு."

கைதட்டலுக்காக நிறுத்தினார். வரவில்லை.

இங்கே வாரியம் ஒன்றைக் கவனிக்கத் தவறியிருந்தது. அந்தக் கூடத்தில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும், இரண்டு நாணயங்களுக்கு நாலு விளைவு என்று எழுதிய ஒரே காரணத்துக்காக அங்கே நின்றவர்கள். விஷயம் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, ஒரே இடத்தில் கூட்டி வைத்து, அவர்களிடம்தான் இயக்குநர் மூன்றில் இரண்டு பங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாதி, சார்" என்றது ஒரு குரல்.

"பாதிதான் சார் பாஸ் ஆகும்" என்றன வேறு பல. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு சுவரோரமாகவே ஓடிக் கூடத்தைச் சுற்றி வந்தது. இயக்குநர் அமைதி அமைதி என்று ஒலிபெருக்கியில் கத்தினார். வாத்தியார் சிரிக்கவில்லை. இதற்கா கையெழுத்துப் போட்டோம் என்று நினைத்தார்.

உதவியாளர் வழக்கம்போல ஒவ்வொரு நாணயமாகச் சுண்டினார். பிள்ளைகள் வலப்பக்கமும் இடப்பக்கமுமாகப் போனார்கள். அக்கா மகளின் முறை வந்தது. முதலில் பூ. அடுத்தது தலை.

"கலப்பு" என்றார் உதவியாளர்.

அவள் இடப்பக்கம் போனாள். அங்கே நாற்காலி இல்லை. எல்லாம் நிறைந்து, பிள்ளைகள் சுவரில் சாய்ந்து நிற்கத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. அவளும் போய் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாத்தியார் தரையைப் பார்த்தார். கடைசிப் பிள்ளைக்குச் சுண்டி முடித்தபோது இடப்பக்கம் ஒரே நெரிசல். வலப்பக்கம் நாலில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

வேலை முடிந்து நேராக வந்த அக்கா அப்போதுதான் கூடத்துக்குள் நுழைந்தாள். தோளில் தோல்பை அப்படியே தொங்கியது. மகள் நிற்பதைப் பார்த்தாள். காலி நாற்காலிகளைப் பார்த்தாள். அவளுக்கு நிகழ்தகவு தெரியாது. ஆனால் சீட் காலியாக இருக்கும்போது ஆட்கள் நின்றால் அவளால் தாங்கமுடியாது.

"இது யாருக்கும்மா போட்டிருக்கு?" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"பாஸ் ஆனவங்களுக்கு, அம்மா" என்றார் இயக்குநர் மேடையிலிருந்து.

"ஆனவங்க எல்லாம் உட்கார்ந்தாச்சா?"

"ஆச்சு."

"அப்போ மிச்சம் யாருக்கு? நீங்கதானே கணக்குப் பாத்துப் போட்டீங்க? போட்ட ஆளு வரலைன்னா எங்க போனான்? ஏம்மா, ஏம்ப்பா, அங்க என்ன ஒட்டடையா அடிக்கிறீங்க? வாங்க, வாங்க. உள்ள தள்ளி உட்காருங்க. ரெண்டு நாற்காலிக்கு மூணு பேரு. பையை மடியில வெச்சுக்கோ. இன்னும் கொஞ்சம் தள்ளு, பொண்ணு நிக்குது பாரு."

அந்தக் குரலை எதிர்த்துப் பேசிப் பழகியவர்கள் யாரும் அந்த ஊரில் இல்லை. பிள்ளைகள் சாரை சாரையாக வந்தார்கள். முதலில் அக்கா மகள். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். இரண்டு நாற்காலிக்கு மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்ததும், கணக்காக அத்தனை பேருக்கும் இடம் இருந்தது. இடப்பக்கம் ஓர் ஈ இல்லை.

"எழுந்திரிங்க! இது விதிமீறல்!" என்று இயக்குநர் அலறினார். யாரும் எழவில்லை. அவர் மறுகூட்டல் எழுத்தரிடம் திரும்பினார். "நிறுத்துய்யா! எழுதாதே!"

எழுத்தர் ஏற்கெனவே முதல் வரிசைக்கு வந்திருந்தார்.

"வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்க பேரை எழுதணும்னு உங்க கையெழுத்துல இருக்கே, சார்."

"அதை ரத்து பண்றேன்!"

"ரத்து பண்ணணும்னா, தப்பாப் போட்டுட்டோம்னு காரணம் எழுதணும். அதுக்கு நம்மகிட்ட படிவமே கிடையாது, சார். நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்க."

எழுத்தர் அக்கா மகளிடம் குனிந்து பேர் கேட்டு எழுதிக்கொண்டார்.

"என்ன விழுந்துச்சும்மா?"

"முதல்ல பூ. ரெண்டாவது தலை."

"கலப்புன்னு போட்டுக்கிறேன்."

"வேண்டாம். விழுந்ததை விழுந்தபடியே போடுங்க."

எழுத்தர் அப்படியே போட்டுவிட்டு அடுத்த பையனிடம் போனார். முதலில் தலை, இரண்டாவது பூ என்றான் அவன். எழுதப் போனவர் நிறுத்தி, மேலே எழுதியதையும் இதையும் ஒத்துப் பார்த்தார். அது அவருடைய தொழில்.

"இது வேற மாதிரி இருக்கே" என்றார்.

"வேறதான்" என்றது வரிசை முழுவதும்.

எழுத்தருக்குத் தனியாகக் கட்டம் போட்டுக்கொள்ளாமல் வேலை ஓடாது. நிமிர்ந்து பார்த்தவரின் கண்ணில், பின்னால் நின்ற வாத்தியார் பட்டார்.

"சார், மொத்தம் எத்தனை கட்டம் போடணும்?"

"வாத்தியாரே!" என்றார் இயக்குநர் மேடையிலிருந்து. "உங்க கடிதம் என்கிட்ட இருக்கு. கையெழுத்தோட இருக்கு. பாத்துப் பேசுங்க."

அக்கா மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியாருக்குப் பயமாகத்தான் இருந்தது.

"இருக்கட்டும், சார்" என்றார் இயக்குநரிடம். பிறகு எழுத்தரைப் பார்த்து, "நாலு போடுங்க" என்றார்.

எழுத்தர் அளவுகோலை எடுத்து வைத்து, கோடு இழுக்கத் தொடங்கினார்.